லிப்பியின் பம்பு அறை

கொட்டகையின் பெரிய கதவைத் திறப்பதற்கு டார்லீன் தோளால் பலமுறை முட்ட வேண்டியிருந்தது. கதவின் அடிச்சட்டம் பனியில் உறைந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய தாய் அல்பீனா வோண்ட்ரா, இரு கைகளையும் மேலங்கிப் பைகளுக்குள் புதைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். உதவிக்கு வரவில்லை. கதவு திறவாமலே போய்விட்டால் நல்லது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்ததை மகள் அறியவில்லை.

உள்ளே, பழைய அறுவடை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே, கித்தான் போர்த்திய நிலையில் அந்தக் கார் நின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு வந்த கரும்பச்சை நிறக் க்ரைஸ்லர். டார்லீன் பள்ளியில் சேர்ந்த ஆண்டில் ஸ்டான்லி வோண்ட்ரா அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். அதன்பின் அதை வெளியே எடுக்கவும் இல்லை; விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்கவும் இல்லை. சென்ற இலையுதிர் காலத்தில் அவர் காலமானார்.

"உள்ள எத்தனை எலி குடும்பம் நடத்துதோ," என்று டார்லீன் கித்தானைப் பிடித்து இழுத்தாள். "ஏம்மா அங்கேயே நிக்கிறீங்க? இது உங்க காரு. பதிவுல அப்பா பேரோட உங்க பேரும் இருக்காம்."

"பேர் இருந்தா என்ன? பேரா வந்து ஓட்டப் போகுது?"

"ஓட்ட வேண்டாம். ஏலம் போனாப் போதும். சான்று கைக்கு வராம இதைத் தொடமாட்டேன்னு ஏலக்காரர் கண்டிப்பாச் சொல்லிட்டார்."

பண்ணை விற்றாயிற்று. எங்கள் நெப்ராஸ்காவில் நிலம் கைமாறுவது எப்போதும் மார்ச் முதல் தேதியில்தான். அன்று புதியவர் வந்து இறங்கும்போது அங்கே எது மிச்சம் இருக்கிறதோ, அது நிலத்தோடு போய்விடும். அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு ஏலம் குறித்திருந்தார்கள். கலப்பைகளும் பால் கறக்கும் கருவிகளும், ஏன், கோழிக் கூண்டுகளும்கூட ஏல அறிவிப்பில் ஏறிவிட்டன. கார் மட்டும் ஏறவில்லை. அதன் உரிமைச் சான்று, பண்ணையின் தானியக் கிடங்கு எரிந்தபோது ஒரு தகரப் பெட்டியோடு எரிந்துபோயிருந்தது. மாற்றுச் சான்று கேட்டுக் கவுண்டி அலுவலகத்தில் டார்லீன் விண்ணப்பித்திருந்தாள். பழைய பதிவும் கிடைத்துவிட்டது. ஆனால் அக்கால வழக்கப்படி அந்தப் பதிவு எஞ்சினில் பொறித்த எண்ணைக் கொண்டு எழுதப்பட்டிருந்தது. ஷெரிப் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, எஞ்சினில் உள்ள எண்ணும் பதிவில் உள்ள எண்ணும் ஒன்றே என்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

இதைக் கேட்ட நாளிலிருந்து அல்பீனாவுக்கு உறக்கம் இல்லை. அந்தக் காருக்குள் இருப்பது அதனோடு பிறந்த எஞ்சின் அன்று என்பது அவருக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. ஆனால் ஓர் ஐயம் இருந்தது. அதை அவர் நாற்பது ஆண்டுகளாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

வானம் முற்றிலும் பொய்த்துப்போன 1956-ஆம் ஆண்டுக் கோடையில் டார்லீன் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து தாயையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்துப் போக ஸ்டான்லி காரோடு வந்தார். சாவியைத் திருப்பிய அந்தக் கணத்திலேயே அல்பீனாவுக்குப் புரிந்துவிட்டது. தையல் இயந்திரம் போலச் சீராக ஓடிக்கொண்டிருந்த கார், நோயாளியைப் போல இருமிற்று. பின்னால் நீலப் புகை வந்தது. அவ்வாண்டு வசந்தத்தில்தான் எஞ்சினைப் பிரித்துப் புதிய பாகங்கள் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "கொஞ்சம் பிரிச்சு மாட்டினேன்," என்றார் ஸ்டான்லி. அவருடைய விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அதே வாரத்தில் ஊரில் ஒரு கடையின் முற்றத்திலிருந்து எஞ்சின் ஒன்று களவு போயிற்று. அப்போதைய ஷெரிப் பண்ணை பண்ணையாகச் சென்று விசாரித்தார். ஸ்டான்லி அவரோடு வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்து, சூப்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு கரண்டிகூட வாய்க்குப் போகவில்லை. குழந்தையை மடியில் வைத்திருந்த அல்பீனா அவருடைய முகத்தையே பார்த்தார். அன்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

துணை ஷெரிப் ராய்ஸ் பெல்ஸ்டர் மதிய உணவுக்கு முன்பே வந்துவிட்டார். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக் கதவுச் சட்டத்தில் தட்டிவிட்டுத்தான் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தார்.

"அடேயப்பா, இதுக்குள்ள ஒரு வீடே இருக்கும் போலிருக்கே. மிஸ்ஸஸ் வோண்ட்ரா, அந்தக் காலத்துல இதுல ஏறி உக்காந்தா நீங்கதான் ராணி, இல்லையா?"

"ராணியோ என்னவோ. கோழி முட்டை ஏத்திட்டுத்தான் போவேன். சீக்கிரம் பாத்து முடி, ராய்ஸ். குளுருது."

ஓட்டுநர் பக்கத்துக் கதவின் தூணில் கார்த் தயாரிப்பாளர் பதித்த தகடு ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் துருதான் இருந்தது. விரல் வைத்ததும் உதிர்ந்தது. ராய்ஸ் உதட்டைப் பிதுக்கிவிட்டு முன்மூடியைத் தூக்கினார். எலிக்கூட்டின் வைக்கோலைக் கையால் வாரி வெளியே போட்டார். கைவிளக்கைப் பற்களில் கவ்விக்கொண்டு எஞ்சினின் இடப்புறம் குனிந்தார்.

நெடுநேரம் கழித்து நிமிர்ந்தவர், சட்டைப் பையிலிருந்த தாளைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"பதிவுல கடைசி மூணு எண் ஏழு ஆறு மூணு. இங்க ஒன்பது ஒன்னு எட்டு."

"அழுக்குல சரியாத் தெரியாம இருக்கும்," என்றாள் டார்லீன்.

"ரொம்பச் சுத்தமாத் தெரியுது. அதுதான் கஷ்டம்." ராய்ஸ் அல்பீனாவைப் பார்த்தார். "எஞ்சின் எப்போவாவது மாத்தினீங்களா?"

"காரு விஷயமெல்லாம் அவர்தான் பாத்துக்குவார்," என்றார் அல்பீனா. அது பொய் அன்று. ஆயினும் பொய் சொன்னவரைப் போலவே அவருடைய முகம் சிவந்தது.

ராய்ஸ் காரின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டையைக் கம்பியால் கட்டினார். "இது இருக்கிற வரைக்கும் காரை நகத்தக் கூடாதும்மா. தகடும் இல்ல, எண்ணும் ஒத்துப்போகல. இதுக்கு மேல என் கையில இல்ல. இந்த எஞ்சின் யாரோடதுன்னு மேல கேட்டு எழுதறேன்."

"அப்பா காரையா சந்தேகப்படுறீங்க?" என்றாள் டார்லீன்.

"நான் யாரையும் சந்தேகப்படல. அட்டைதான் சந்தேகப்படுது."

அவர் போன பிறகு டார்லீன் வீட்டுக்குள் நடந்துகொண்டே புலம்பினாள். அலுவலகத்தைக் குறை சொன்னாள். இறுதியில் தாயின் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அம்மா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"உருளைக்கிழங்கு அடி பிடிக்குது. போய்ப் பாரு," என்றார் அல்பீனா.

எங்கள் க்லாட்னோ சிறிய ஊர். ஷெரிப் வண்டி ஒரு வாசலில் நின்றால், அது திரும்பிப் போவதற்குள் செய்தி ஊர்ப் பொதுத் தானியக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் அங்கே கோழித் தீவனம் வாங்கப் போன அல்பீனாவிடம், எடை போடும் எட்வின் சிரித்துக்கொண்டே கேட்டான்: "என்ன அல்பீனா அத்தை, ஸ்டான்லி மாமா வங்கியைக் கொள்ளையடிச்ச வண்டியைக் கொட்டகையில ஒளிச்சு வச்சிருந்தாராமே?"

அங்கே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். ஸ்டான்லியை அறிந்தவர்கள் சிரிக்கிற சிரிப்புதான் அது. எடையில் ஒரு பிடி கூடினாலும் திருப்பிக் கொட்டிவிட்டுப் போகிறவர் என்று பெயரெடுத்தவரைப் பற்றி வேறெப்படிச் சிரிக்க முடியும்? நாளைக்கு இது உண்மையென்று ஆகிவிட்டால் இவர்கள் சிரிக்க மாட்டார்கள்; நான் உள்ளே வரும்போது பேச்சை நிறுத்துவார்கள் என்று அல்பீனா நினைத்தார். "மூட்டையை ஏத்துடா. வாய் ஓடற மாதிரி கையும் ஓடட்டும்," என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை தொலைபேசி மணி அடித்தது.

"எஞ்சின் யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சும்மா," என்றார் ராய்ஸ். "வென்ஸில் ஸாயிசெக் பேர்ல இருந்த க்ரைஸ்லரோடது. உங்களுக்கு அடுத்த பண்ணை."

அல்பீனா நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டார். ஊர்க் கடையின் எஞ்சின் அன்று. அதைவிடக் கொடுமை: ஸாயிசெக் வீட்டு எஞ்சின்.

"வென்ஸில் செத்துட்டாரே," என்றார்.

"அவர் வீட்டம்மா லிப்பி இருக்காங்கல்ல. நாளைக்கு மத்தியானம் போய் அவங்ககிட்ட எழுதி வாங்கணும். அந்த எஞ்சினை நீங்களாக் குடுத்தீங்களா, காணாமப் போச்சான்னு."

"காணாமப் போச்சுன்னு சொன்னா?"

"காரு எங்க முற்றத்துக்கு வந்துரும். அப்புறம் மாநிலப் போலீஸ் பாத்துக்கும். ஸ்டான்லி பேரையும் எழுதித்தான் ஆகணும். எனக்கு மட்டும் இது பிடிச்சா இருக்கு?"

லிப்பி ஸாயிசெக்கும் அல்பீனாவும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். 1954-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், எங்கள் பங்குக் கோவிலின் விருந்துக்குச் சமையலறைப் பொறுப்பேற்றிருந்த அல்பீனா, லிப்பி சுட்டுக்கொண்டு வந்த கொலாச்சிகளில் ஒன்றை எல்லார் முன்னிலையிலும் உயர்த்திப் பிடித்து, அந்த இனிப்பு ரொட்டியின் நடுக்குழியைக் காட்டி, "இதுல கசகசாவைத் தேட லாந்தர் வேணும்," என்றார். லிப்பி தட்டோடு வெளியேறினார். அத்துடன் பேச்சு நின்றது. பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வரும்போதெல்லாம் அல்பீனா இடப்புறமும் லிப்பி வலப்புறமும் திரும்பிக்கொள்வார்கள். இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பாதிரியார்கள் மூவர் மாறிப் போய்விட்டார்கள்.

அந்த லிப்பியின் வாயில்தான் இப்போது ஸ்டான்லியின் பெயர் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும். நாற்பது ஆண்டுக் காத்திருப்புக்கு இதைவிட நல்ல அறுவடை யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் காலையில் அல்பீனா மேலங்கியை மாட்டினார். வெறுங்கையோடு போவது அவமதிப்பு. கொலாச்சி கொண்டுபோவது அதைவிடப் பெரிய அவமதிப்பு. நிலவறையிலிருந்து வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். மகளிடம் எங்கே என்று சொல்லாமல் பண்ணையின் சிறு சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். உறைந்த சக்கரத் தடங்களில் வண்டி எகிறி எகிறி விழுந்தது. வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று வேகத்தைக் குறைத்தார்.

எங்கள் ஊரில் அண்டை வீட்டார் பின்கதவு வழியாகத்தான் போவார்கள்; அல்பீனா ஸாயிசெக் வீட்டின் முன்கதவைத் தட்டினார். உள்ளே எதையோ நகர்த்தும் ஓசை கேட்டது. தாழ்ப்பாள் முனகிற்று. கதவு இரண்டு விரற்கடை திறந்து, மேலே திறவாமல் சிக்கிக்கொண்டது. அந்தச் சந்தில் லிப்பியின் ஒரு கண் தெரிந்தது. அது அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

"முன்கதவு வழியா வர்றதுக்கு நீ என்ன பாதிரியாரா, இல்ல பொணமா?" என்றார் லிப்பி. "பின்னால வா."

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இருவருக்குமிடையே பேசப்பட்ட முதற்பேச்சு அதுதான்.

பின்புறச் சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. லிப்பி உட்காரச் சொல்லவில்லை. ஊறுகாய்ப் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுல காய் கண்ணுக்குத் தெரியுது. லாந்தர் வேண்டியதில்ல."

அல்பீனா அதை விழுங்கிக்கொண்டார். "லிப்பி, மத்தியானம் பெல்ஸ்டர் பையன் வருவான். உன்கிட்ட ஒன்னு கேப்பான். அதுக்கு முன்னாடி நானே கேட்டுரலாம்னு வந்தேன்."

"கேளு."

"எங்க காருக்குள்ள இருக்கிறது உங்க எஞ்சினாம். ஸ்டான்லி அதை உங்ககிட்டருந்து திருடினாரா?"

லிப்பி புட்டியை மேசையில் வைத்தார். அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருந்த கெண்டியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நீ என்ன நினைக்கிற?" என்றார் லிப்பி.

"நாப்பது வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"அவர்கிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டார்னா? அப்புறம் நான் அவருக்கு எப்படிச் சோறு போடுவேன்?"

லிப்பி அவரை வியப்போடு பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்ததா இரக்கம் இருந்ததா என்று அல்பீனாவால் சொல்ல முடியவில்லை. பிறகு லிப்பி ஆணியில் தொங்கிய ஆடவர் மேலங்கி ஒன்றை எடுத்துத் தம் தோள்மேல் போட்டுக்கொண்டார். "வா," என்றார்.

"எங்க?"

"வான்னா வாயேன்டி. உன்னை என்ன கொன்னா போட்டுருவேன்? அதுக்கு இருந்த ஆசையெல்லாம் எப்பவோ போயிருச்சு."

அறுவடைக்குப் பின் தாள் மட்டும் நின்ற சோள வயலின் ஓரமாக இருவரும் நடந்தார்கள். வயலின் மூலையில் தகரக் கூரை போட்ட பம்பு அறை ஒன்று இருந்தது. லிப்பி கொக்கியை நீக்கிக் கதவைத் தள்ளினார். உள்ளே, சிமெண்டுத் திட்டின் மேல், பட்டைச் சக்கரத்தோடும் காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கோடும் ஒரு கார் எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

"இதான் உன் எஞ்சின்," என்றார் லிப்பி.

அல்பீனாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"மழை பொய்ச்ச அந்த வருஷம் கிணறு வெட்டினோம். பம்பை ஓட்ட, பள்ளத்துல உருண்ட எங்க காரோட எஞ்சினை எடுத்து வச்சார் வென்ஸில். அது ஏற்கெனவே எண்ணெய் குடிச்சிக்கிட்டு இருந்தது. ராப்பகலா ஓடுமா? ரெண்டு நாள்ல மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. சோளம் இடுப்பளவு. இலையெல்லாம் சுருண்டுருச்சு. உன் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டே இருந்தார். மறுநாள் நீ டார்லீனைப் பெத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில இருக்கே. இவர் காரை ஓட்டிக்கிட்டு வந்து, இந்தக் களத்துல நிறுத்தி, முன்மூடியைத் தூக்கினார். புதுசாப் பாகம் போட்ட எஞ்சின். இங்க வச்சுட்டு எங்களோடதைத் தூக்கி உன் காருக்குள்ள மாட்டிக்கிட்டுப் போயிட்டார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

அல்பீனா எஞ்சினின் பட்டைச் சக்கரத்தை விரலால் தொட்டார்.

"அல்பீனா காதுக்குப் போச்சுன்னா நான் கொட்டகையிலதான் படுக்கணும், சொல்லிராதேன்னு வென்ஸில்கிட்ட உன் வீட்டுக்காரர் சத்தியம் வாங்கினார். அப்புறம் ஷெரிப் வேற வீடு வீடா எஞ்சின் விசாரிச்சுக்கிட்டு வந்தார். உன் காதுல விழுந்துருமேன்னு ரெண்டு பேரும் செத்துச் செத்துப் பொழைச்சாங்க." லிப்பி மேலங்கியை இறுக்கிக்கொண்டார். "அந்த வருஷம் சுத்துவட்டாரத்துல எங்க சோளம்தான் பச்சையா நின்னுச்சு. உன் எஞ்சின் எடுத்துக் குடுத்த தண்ணி. அதை வித்துத் தின்னுட்டு, ஞாயித்துக்கிழமை உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தேன் பாரு, அது ஒன்னும் சுகமா இல்லடி."

சூப்புக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்டான்லியின் முகம் அல்பீனாவின் கண்முன் வந்தது. அவர் அஞ்சியது ஷெரிப்புக்கு அன்று. மேசைக்கு எதிரே குழந்தையோடு உட்கார்ந்திருந்தவருக்கு.

ஆனால் நிம்மதி வரவில்லை. லிப்பி சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ராய்ஸ் நம்ப வேண்டுமே. இரு ஆடவரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. சாட்சி சொல்ல இந்த இரும்பு ஒன்றுதான் இருந்தது. அல்பீனா குனிந்து கைக்குட்டையால் எஞ்சினின் இடப்புறத்தைத் துடைத்தார். பிசுக்கு இழுபட்டதே ஒழியப் போகவில்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் ஆண்டுக்கணக்காக நீர் சொட்டி, இரும்பு புற்றுப் பிடித்தாற்போலப் பொரிந்திருந்தது.

மதியம் ராய்ஸ் வந்தபோது, பகைமைக்குப் பெயர்போன இரண்டு கிழவிகளும் ஒரே பம்பு அறைக்குள் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த கைகளோடு நிற்பதைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். கதை முழுவதையும் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நான் நம்பறேன். ஆனா நம்பறேன்னு எழுத முடியாது. வாய்ச்சொல் மட்டும் பத்தாதும்மா. ஒருத்தர் மேல ஒருத்தர் இரக்கப்பட்டுச் சொல்றீங்கன்னு மேல இருக்கிறவங்க சொல்லிருவாங்க."

"நாங்களா? இரக்கமா?" என்றார் லிப்பி. "க்லாட்னோவுல யாரையாவது கூட்டி வச்சுக் கேட்டுப் பாரு."

ராய்ஸ் கம்பித் தூரிகையை எடுத்து வந்து முழந்தாளிட்டுத் தேய்த்தார். துருப்பொடி பறந்தது. முதல் எழுத்து தெரிந்தது, ஒத்துப்போயிற்று. அடுத்தடுத்த எண்களும் ஒத்துப்போயின. இறுதி மூன்றுக்கு வந்தார். "ஏழு," என்றார். ராய்ஸ் கைவிளக்கைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். "கடைசி எண் மூணு. சரிதான். நடுவுல இருக்கிறது... எட்டு மாதிரி இருக்கே."

"ஆறு," என்றார் அல்பீனா.

"ஆறுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். மேல்வளைவு மூடியிருக்கிற மாதிரித் தெரியுது. எட்டுன்னா இது வேற காரோட எஞ்சின்."

மறுபடியும் எல்லாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது போலிருந்தது. எதையாவது பற்றிக்கொள்ள அல்பீனா கை நீட்டியபோது லிப்பியின் முழங்கை கைக்குள் அகப்பட்டது. லிப்பி அதை இழுத்துக்கொள்ளவில்லை.

ராய்ஸ் வண்டிக்குப் போய் ஒரு சுண்ணக்கட்டியோடு திரும்பினார். பொரிந்த இரும்பின்மேல் அதை அழுத்தி அழுத்திப் பூசினார். வெள்ளையடித்தாற்போல எண் முழுவதும் மறைந்தது. பிறகு கட்டைவிரலில் துணியைச் சுற்றி, மேற்பரப்பை மட்டும், குழந்தையின் முகத்தைத் துடைப்பது போல மெதுவாகத் துடைத்தார். பள்ளங்களில் மட்டும் வெண்மை நின்றது. துருப் பள்ளம் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தது. அச்சு வெட்டிய கோடு மட்டும் அறுபடாமல் ஓடிற்று. அந்தக் கோடு மேலே வளைந்து, மூடாமல், வாய் திறந்து நின்றது.

"ஆறு," என்றார் ராய்ஸ்.

கூரைத் தகரம் காற்றில் படபடத்தது.

ராய்ஸ் பலகையின்மேல் இரு தாள்களை வைத்து எழுதினார். ஒன்றில் லிப்பி கையொப்பமிட்டார்: காருக்குள் இருக்கும் எஞ்சினைத் தம் கணவர் மனமொப்பிக் கொடுத்தார் என்று. மற்றொன்றை ராய்ஸ் அல்பீனாவிடம் நீட்டினார்: பம்பு அறையில் இருக்கும் எஞ்சினைக் காரின் உரிமையாளர்கள் மனமொப்பிக் கொடுத்தார்கள் என்று.

அல்பீனாவின் பேனா தாளின் மேலேயே நின்றது. "நான் குடுக்கலையே."

"அம்மா, கையெழுத்துப் போடுங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"முடியல. இதுல பொய் இருக்கு. அவர் குடுத்தார். நான் அன்னிக்கு வீட்டுல இருந்திருந்தா குடுக்க விட்டிருக்க மாட்டேன். அதையும் எழுதிக்கோ."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லம்மா."

"ஓரத்துல எழுது."

ராய்ஸ் லிப்பியைப் பார்த்தார். லிப்பி கூரையைப் பார்த்தார். ராய்ஸ் ஓரத்தில், சிறிய எழுத்தில், கணவர் கொடுத்ததை மனைவி இன்றுதான் அறிந்து ஒப்புக்கொள்கிறார் என்று எழுதினார். அல்பீனா அதை இருமுறை படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

"சிவப்பு அட்டையை நானே வந்து கழட்டிடறேன்," என்றார் ராய்ஸ். "ஆனா ஒன்னு சொல்லணும். சான்று சனிக்கிழமைக்குள்ள வராது. இந்தத் தாளெல்லாம் மேல போய், புது எண்ணுக்குப் பதிவு மாறி வர வசந்தம் ஆகிரும். அதுவரைக்கும் சட்டப்படி எந்த எண் பதிவுல இருக்கோ அதுதான் காரு. அதாவது," என்று பம்பு அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார், "பேப்பர்படி உங்க காரு இங்கதான் இருக்கு."

"மார்ச் ஒன்னாம் தேதி இடத்தை விட்டுரணுமே," என்றார் அல்பீனா. ஏலத்துக்கும் போகாது; நிலத்தோடு விட்டுவிடவும் மனம் இல்லை. நேற்றுவரை கண்ணில் படாமலே போகட்டும் என்று எண்ணிய காரை எங்கே நிறுத்துவது என்ற கவலை இப்போது புதிதாக வந்து சேர்ந்தது.

லிப்பி பம்பு அறைக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். வீட்டை நோக்கி நாலடி நடந்துவிட்டு, திரும்பாமலே சொன்னார்:

"பாதி இங்க நாப்பது வருஷமாக் கிடக்கு. மீதியையும் கொண்டாந்து விடு. கொட்டகையில இடம் இருக்கு."

அல்பீனா அங்கேயே நின்றார்.

"என்ன யோசிக்கிற? வாடகை கேப்பேன்னா?"

"இல்ல," என்றார் அல்பீனா. "அதுக்கு ஓட்டம் இல்ல. இழுத்துக்கிட்டுத்தான் வரணும்."

"இழுத்துக்கிட்டு வா. ஆனா பின்பக்கமா வா."